மொட்டை மாடி இரும்பும் ஹாம் ஆன்டெனாவும்: மாஸ்ட், பூம் எங்கே கெடுக்கும், எங்கே கெடுக்காது

ஒத்தக்கடையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒன்றரை இஞ்ச் ஜிஐ பைப் ஒன்று நிற்கிறது. கொடைக்கானல் தூர்தர்ஷனைப் பிடிக்க அப்பா நட்டது. அந்தக் காலத்து டிவி ஆன்டெனா ஞாபகம் இருக்கிறவர்களுக்குத் தெரியும், மீன் முள் மாதிரி இருக்கும், குச்சியெல்லாம் படுத்த வாக்கில், முகம் கொடைக்கானல் பக்கம். காற்றில் திரும்பிவிட்டால் ஒருத்தர் மாடியில் பைப்பைத் திருப்புவார், இன்னொருத்தர் கீழே இருந்து "தெரியுது, தெரியுது, போச்சு" என்று கத்துவார். எத்தனையோ வருஷம் அந்தப் பைப்பால் படத்துக்கு ஒரு குறையும் வந்ததில்லை.

ஹாம், அதாவது பொழுதுபோக்கு ரேடியோ, லைசென்ஸ் வந்த புதிதில் 2 மீட்டர் பேண்டுக்கு (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) 5 எலிமென்ட் யாகி ஒன்று செய்தேன்: பூம் என்கிற நீளத் தண்டில் எலிமென்ட் என்கிற ஐந்து குச்சி, ஒரு பக்கமாக அனுப்பும் ஆன்டெனா. அதை அதே பைப்பின் (இதுதான் மாஸ்ட்) உச்சியில், பூமின் நடுவில் யூ போல்ட் போட்டு மாட்டினேன். எஃப்எம்மில் பேசுகிறவர்கள், ரிப்பீட்டர்கள் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையங்கள்) எல்லாம் நெட்டுக்குத்தான போலரைசேஷன் (அலை ஆடும் வாக்கு) என்பதால் குச்சிகளை நிமிர்த்தி வைத்தேன். எஸ்டபிள்யூஆர் (சக்தி ஆன்டெனாவுக்குள் போகாமல் எவ்வளவு திரும்புகிறது என்ற அளவு, 1 என்றால் அருமை) 1.3 காட்டியது, எனக்குத் தலைகால் புரியவில்லை. திருமங்கலத்து நண்பரைக் கூப்பிட்டால் "எஸ் 4" என்றார், 1 முதல் 9 வரையான சிக்னல் அளவில் 4. ஆன்டெனாவைத் திருப்பி முதுகைக் காட்டினேன், அப்போதும் எஸ் 4. முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருப்பதற்கு எதற்கு ஐந்து குச்சி? ரேடியோவைச் சந்தேகப்பட்டேன், கேபிளை மாற்றினேன், கனெக்டரை மறுபடி சால்டர் செய்தேன், கடைசியில் நண்பரின் காதையே சந்தேகப்பட்டேன். இரண்டு வாரம் கழித்து மேலூரிலிருந்து ஒரு சீனியர் வந்தார், மாடிப் படியில் நின்றே பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏன் தம்பி, குச்சியும் நெட்டுக்க நிக்குது, பைப்பும் நெட்டுக்க நிக்குது. எது ஆன்டெனா, எது கம்பம்னு அலைக்கு எப்படித் தெரியும்?"

இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு கேள்வியின் விரிவுதான். உலோகம் பக்கத்தில் இருக்கிறதா என்பதை விட, அது எலிமென்டுக்கு இணையாக இருக்கிறதா என்பதுதான் பெரிய விஷயம். ரேடியோ அலையின் மின்புலம் எந்த வாக்கில் ஆடுகிறதோ, அதே வாக்கில் இருக்கிற உலோகத்தில் கரண்டை ஓட வைக்கும், ஓடுகிற கரண்ட் மறுபடி அலையாகக் கிளம்பும். அந்த வாக்குக்குக் குறுக்கே இருந்தால் கிட்டத்தட்ட ஒன்றும் ஓடாது. 1926இல் ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் யாகியும் உடாவும் வெளியிட்ட வித்தையே இதுதான்: கேபிள் இணைக்காத வெறும் குச்சி, பக்கத்துக் குச்சியிலிருந்து கரண்டை வாங்கி, கொஞ்சம் நீளமாக இருந்தால் ரிஃப்ளெக்டர் ஆகும், கொஞ்சம் குட்டையாக இருந்தால் டைரக்டர் ஆகும். என் யாகியின் நடுவில் நின்ற ஜிஐ பைப் அழையா விருந்தாளியாக வந்த ஆறாவது எலிமென்ட். தூர்தர்ஷன் ஆன்டெனாவில் குச்சிகள் பைப்புக்குக் குறுக்கே இருந்ததால் பைப் சும்மா நின்றது, அவ்வளவுதான்.

ஏறுவதற்கு முன்னால் ஒரு விஷயம், இதில் சமரசமே கிடையாது. ஈபி லைன் எங்கே போகிறது என்று பாருங்கள். மாஸ்ட் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் லைனைத் தொடக்கூடாது, மாஸ்ட் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரமாவது தள்ளியிருக்க வேண்டும். நம் தெருக்களில் மாடிக் கைப்பிடிச் சுவரை உரசுகிற மாதிரி லைன் போகும் வீடுகள் நிறைய. அங்கே உலோக மாஸ்ட்டே வேண்டாம்.

முதல் படி: உங்கள் பேண்டின் அளவை மனதில் ஏற்றுங்கள்

300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். 145 மெகாஹெர்ட்ஸுக்கு சுமார் 2.07 மீட்டர், அதனால் அரை அலை ஒரு மீட்டர் சொச்சம், கால் அலை 52 சென்டிமீட்டர். 435க்கு முழு அலையே 69 சென்டிமீட்டர்தான். 7.1க்கு 42 மீட்டர், கால் அலை பத்தரை மீட்டர். இதை ஏன் சொல்கிறேன் என்றால் "பக்கம்", "தூரம்" என்ற வார்த்தைகளுக்கு இங்கே சென்டிமீட்டரில் அர்த்தம் இல்லை, அலைநீளத்தில்தான் அர்த்தம். 435இல் ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் பைப் ஒன்றரை அலைநீளம் தள்ளி இருக்கிறது. அதே ஒரு மீட்டர் 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ்) ஒட்டிக்கொண்டு நிற்பதற்குச் சமம்.

இரண்டாம் படி: மாடியில் உள்ள இரும்பைக் கணக்கெடுங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொண்டு மாடியைச் சுற்றுங்கள். தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்ட், அதற்கு ஏறும் ஜிஐ பைப், டிஷ் ஆன்டெனா கால், துணி காயப்போடும் கம்பி, கைப்பிடி கிரில், தெருவைத் தாண்டிப் போகும் கேபிள் டிவி ஒயர், சோலார் பேனல் சட்டம், இடிதாங்கி இருந்தால் அதன் பட்டை. ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி: என் எலிமென்ட் வாக்கிலா நிற்கிறது, எத்தனை அலைநீளம் தள்ளி இருக்கிறது, நீளம் எவ்வளவு. அரை அலைக்கு நெருக்கமான நீளம்தான் ரொம்ப வம்பு செய்யும். துணிக் கம்பி பத்து மீட்டர் நீளம் இருந்தால் 14 மெகாஹெர்ட்ஸுக்கு அது அச்சு அசலாக அரை அலை. 14க்கு டைபோலை (நடுவில் கேபிள் இணைத்த அரை அலை ஒயர்) அதற்கு இணையாகக் கட்டிவிட்டு ஏன் டியூன் ஆகவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் உண்டு. அம்மாவிடம் சொல்லி நைலான் கயிற்றுக்கு மாற்றிக்கொள்வதுதான் மலிவான தீர்வு. மாடித் தரைக்கு அடியிலும் இரும்பு இருக்கிறது, மறக்காதீர்கள். ஆர்சிசி தளத்தின் கம்பி வலை ஒரு கண்ணாடி மாதிரி நடந்துகொள்ளும். ஹெச்எஃப் (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்) டைபோலை மாடித் தரையிலிருந்து இரண்டு மீட்டரில் கட்டிவிட்டு நிலத்திலிருந்து எட்டு மீட்டர் என்று கணக்குச் சொல்லாதீர்கள்.

மூன்றாம் படி: படுக்கை வாக்கு யாகி என்றால் நிம்மதியாக மாட்டுங்கள்

எஸ்எஸ்பி (எஃப்எம் அல்லாத இன்னொரு குரல் முறை), டிஎக்ஸ் (தொலைதூரப் பேச்சு) என்று குச்சிகளைப் படுக்கை வாக்கில் வைப்பவர்களுக்கு ஜிஐ மாஸ்ட் கிட்டத்தட்ட கண்ணுக்குத் தெரியாது. பூமின் எடை சமன் ஆகும் இடத்தில் பிடியுங்கள், ஏதாவது ஒரு எலிமென்டுக்கு நேர் அடியில் கிளாம்ப் வராமல் கொஞ்சம் தள்ளி வையுங்கள், முடிந்தது. இந்தப் படி இவ்வளவுதான்.

நான்காம் படி: நெட்டுக்குத்து யாகி, இங்கேதான் எல்லோரும் அடிபடுகிறோம்

நான்கு வழிகள் உண்டு, எனக்குப் பிடித்த வரிசையில் சொல்கிறேன்.

மாஸ்ட்டை ரிஃப்ளெக்டருக்குப் பின்னால் கொண்டுபோவது முதல் வழி. பூமைப் பின்பக்கம் நீட்டி, ரிஃப்ளெக்டருக்கும் மாஸ்ட்டுக்கும் நடுவே கால் அலை, அதாவது 145க்கு அரை மீட்டர் இடம் விடுங்கள். ரிஃப்ளெக்டருக்குப் பின்னால் அலையின் பலம் ஏற்கெனவே குறைந்திருப்பதால் பைப்புக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, பைப்பும் பெரிதாக ஒன்றும் கெடுக்காது. கஷ்டம் எடையில் வரும். ஆன்டெனா முழுக்க ஒரு பக்கமாகத் தொங்கும், பூம் வளையும், ஆடிக் காற்றில் திருகும். மாஸ்ட்டிலிருந்து பூமின் நடுப்பகுதிக்கு ஒரு சாய்வு முட்டுக் கொடுக்க வேண்டும், அதை மூங்கிலிலோ ஃபைபர் கம்பியிலோ கொடுங்கள், இரும்புப் பட்டையில் கொடுத்தால் பழைய கதைதான். 5, 6 எலிமென்ட் வரை இது சரியாக வரும். பத்து எலிமென்ட் நீளப் பூமுக்கு இது ஆகாது.

இரண்டாவது, மாஸ்ட்டின் மேல்பகுதியை மட்டும் உலோகம் இல்லாததாக மாற்றுவது. ஜிஐ பைப்புக்கு மேல் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் ஃபைபர்கிளாஸ் கம்போ நல்ல முற்றின மூங்கிலோ சொருகி, ஆன்டெனாவை அதன் உச்சியில் பூம் நடுவில் பிடிக்கலாம். குச்சியின் கீழ் நுனிக்கும் இரும்பு தொடங்கும் இடத்துக்கும் நடுவில் அரை மீட்டராவது, முடிந்தால் ஒரு மீட்டர், காலியாக இருக்கட்டும். கல்யாணப் பந்தல் போடுகிறவரிடம் சவுக்குக் கம்பு கேட்டால் கிடைக்கும், ஆனால் பச்சையாக இருக்கும், காய்ந்ததும் வளையும், ஈரத்தோடு இருந்தால் கொஞ்சம் சக்தியையும் தின்னும். காய்ந்த மூங்கிலுக்கு இரண்டு கோட் வார்னிஷ் அடித்தால் நாலைந்து மழை தாங்கும். பிவிசி பைப்பை நான் மூன்று முறை வைத்துப் பார்த்துவிட்டேன், அக்னி நட்சத்திரத்தில் மதியம் இரண்டு மணிக்கு அது எப்படிக் குனிந்து கும்பிடுகிறது என்று பார்த்தால் உங்களுக்கும் ஆசை போய்விடும். மீன்பிடிக் கம்பு வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது, அதில் கார்பன் ஃபைபர் என்று எழுதியிருந்தால் தொடாதீர்கள், கார்பன் மின்சாரம் கடத்தும். கிளாஸ் ஃபைபர்தான் வேண்டும்.

இந்த இரண்டாவது வழியில் ஒரு குழி இருக்கிறது, நானே விழுந்தேன். மாஸ்ட் மூங்கில், சரி, கோஆக்ஸ் கேபிள்? டிரைவன் எலிமென்டிலிருந்து (கேபிள் இணைத்த குச்சி) கேபிளை நேராகக் கீழே இறக்கினால், அதன் மேல் உறை செம்பு வலை, அதுவும் நெட்டுக்குத்தாக, எலிமென்டுக்கு இணையாக, ஒட்டிக்கொண்டு தொங்குகிறது. பைப்பை எடுத்துவிட்டு அதே இடத்தில் இன்னொரு பைப்பை வைத்த மாதிரி. கேபிளை பூமோடு ஒட்டிப் பின்னால் கொண்டுபோய், ரிஃப்ளெக்டரைத் தாண்டி, அங்கிருந்து கொஞ்சம் தளர்வாக வளைத்து மாஸ்ட்டின் இரும்புப் பகுதிக்கு இறக்குங்கள். கேபிள் அரை மீட்டர் கூடும். ஆர்ஜி-58 என்ற மெல்லிய கோஆக்ஸ் என்றால் 145இல் பத்து மீட்டருக்கு 2 டெசிபல் பக்கம் இழப்பு (3 டெசிபல் போனால் பாதி சக்தி போனதாக அர்த்தம்), அரை மீட்டருக்கு 0.1. அதற்குக் கணக்குப் பார்க்கவே வேண்டாம்.

மூன்றாவது, மாஸ்ட் உச்சியில் குறுக்குக் கை போட்டு ஆன்டெனாவைப் பக்கவாட்டில் தள்ளி வைப்பது. ஒரு மீட்டருக்கு மேல் தள்ளினால் பாதிப்பு நன்றாகக் குறையும், முழுக்கப் போகாது, முகம் கொஞ்சம் ஒரு பக்கம் கோணிக்கொள்ளும். இன்னொரு பக்கம் 435 யாகி மாட்டிச் சமன் செய்ய நினைப்பவர்களுக்கு இது வசதி. நான்காவது, குச்சிகளை 45 டிகிரி சாய்த்து வைப்பது. நெட்டுக்குத்து ஆளோடும் படுக்கை ஆளோடும் பேசலாம், இரண்டிலும் 3 டெசிபல் போகும், மாஸ்ட்டோடு இருக்கும் ஒட்டுறவும் குறையும். முழுக்கத் தப்பான போலரைசேஷனில் 20 டெசிபல் வரை போகும் என்பதோடு ஒப்பிட்டால் 3 மோசமில்லை. ஆனாலும் அரைமனசுத் தீர்வு, எனக்குப் பிடிக்காது.

ஐந்தாம் படி: பூம், மில்லிமீட்டர் கணக்கு

மாஸ்ட் விஷயம் திசை சம்பந்தப்பட்டது, பூம் விஷயம் நீளம் சம்பந்தப்பட்டது. பூம் எலிமென்டுகளுக்குக் குறுக்கே போவதால் அதில் கரண்ட் ஓடாது, அதுவும் எலிமென்டின் நடுப்புள்ளியைத் தொடுகிறது, அங்கே வோல்டேஜ் பூஜ்யம். அதனால்தான் குச்சியை அலுமினியப் பூமில் நேராக ஓட்டை போட்டு இறுக்கினாலும் ஆன்டெனா வேலை செய்கிறது. ஆனால் குச்சியின் நடுவில் தடியான உலோகம் சுற்றி இருப்பதால், கரண்டுக்கு அந்த இடத்தில் குச்சி குட்டையாகத் தெரியும். ஆகவே அலுமினியப் பூமில் மாட்டும் குச்சியை, மரப் பூமுக்குச் சொன்ன அளவை விடக் கொஞ்சம் நீளமாக வெட்ட வேண்டும்.

எவ்வளவு? 145இல் 20 மில்லிமீட்டர் பூமின் நடுவே குச்சி புகுந்து, உலோகத்தோடு உலோகம் தொட்டுக்கொண்டு இருந்தால், ஒவ்வொரு எலிமென்டுக்கும் சுமார் நாலு, நாலரை மில்லிமீட்டர் கூட்ட வேண்டும். அதே ஓட்டையில் பிளாஸ்டிக் புஷ் போட்டுத் தொடாமல் புகுத்தினால் ஏறக்குறைய பாதி. பூமுக்கு மேலே இன்சுலேட்டர் வைத்துத் தூக்கி மாட்டினால் இன்னும் குறையும், பூமின் பாதித் தடிமன் அளவுக்குக் காற்று இடைவெளி விட்டால் மறந்துவிடலாம். 435இல் கதை வேறு. அதே 20 மில்லிமீட்டர் பூம் அந்த அலைக்கு மூன்று மடங்கு தடிமனாகத் தெரியும், திருத்தம் ஒரு சென்டிமீட்டரைத் தொட்டுவிடும். எலிமென்டே 32 சென்டிமீட்டர்தான், அதில் ஒரு சென்டிமீட்டர் என்றால் மூன்று சதவீதம், 13 மெகாஹெர்ட்ஸ். இங்கே நமக்குக் கொடுத்திருப்பது 434 முதல் 438 வரை, மொத்தமே 4. திருத்தாமல் வெட்டினால் ஆன்டெனா பேண்டுக்கு வெளியே எங்கேயோ அருமையாக வேலை செய்துகொண்டிருக்கும்.

நடைமுறையில் தப்பு நடக்கும் இடம் இது: இணையத்தில் கிடைக்கும் டேப் யாகி (அளவு டேப்பை வெட்டிக் குச்சியாக வைப்பது), மரப் பூம் யாகி அளவுகளை எடுத்துக்கொண்டு, ஜன்னல் செய்யும் அலுமினியக் கடையில் சதுர ட்யூப் வாங்கி அதில் மாட்டுவது. பாதி அளவு ஒரு டிசைன், மீதி இன்னொரு டிசைன். ஒரு அளவை எடுத்தால் அது எந்தப் பூமுக்கு, எப்படி மாட்டியதற்குச் சொன்ன அளவு என்று முதலில் பாருங்கள், அப்படியே செய்யுங்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் மேலே சொன்ன திருத்தத்தில் தொடங்கி, ஆன்டெனா எந்த அலைவரிசையில் ஒத்துப்போகிறது என்று காட்டும் நானோ விஎன்ஏ கருவி வைத்து முடியுங்கள். சதுர ட்யூப்பை அதே அகலமுள்ள உருண்டைப் பைப்பை விடச் சற்றுத் தடியானதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், தொடுவதா தொடாமல் இருப்பதா என்பதில் இரண்டில் ஒன்றைத் தீர்மானமாகச் செய்யுங்கள். அரைகுறையாகத் தொடுவதுதான் கேடு. ஓட்டையில் லூஸாகப் புகுந்த அலுமினியக் குச்சி, புதிதில் நன்றாகத் தொடும், ஒரு மழைக்காலம் போனால் ஆக்சைடு படிந்து பாதி தொடும், பாதி தொடாது. போன மாசம் 145.2இல் இருந்த டிப் (எஸ்டபிள்யூஆர் மிகக் குறையும் இடம்) இந்த மாசம் 145.8க்குப் போய்விட்டது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். ஒன்று, திருகு போட்டு இறுக்குங்கள், இல்லை, புஷ் போட்டு முழுக்கப் பிரித்துவிடுங்கள். டிரைவன் எலிமென்ட் இரண்டு துண்டாக இருக்கும் டைபோல் என்றால் அதைப் பூமில் தொட விடவே கூடாது. காமா மேட்ச் (குச்சியை வெட்டாமல், பக்கத்தில் ஒரு சின்னக் கம்பி வழியாகக் கேபிளை இணைப்பது) போட்ட ஒற்றைக் குச்சி என்றால் நடுவில் தொடலாம், அதன் அழகே அது.

ஹெச்எஃப் பீம் கட்டுபவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். 14 மெகாஹெர்ட்ஸில் 50 மில்லிமீட்டர் பூமுக்கு வரும் திருத்தம் மூன்று மில்லிமீட்டர் போல, பத்து மீட்டர் எலிமென்டில். டேப்பைப் பிடிக்கும் கையின் நடுக்கமே அதைவிட அதிகம்.

சாட்டிலைட் பேசுபவர்களுக்கு இரண்டு யாகியை இரண்டு முனையில் தாங்கும் குறுக்குப் பூம் ஒன்று உண்டு, அது படுக்கை வாக்கில் இருக்கும் உலோகம். அதில் கிராஸ் யாகியை (ஒரே பூமில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு யாகி) கூட்டல் குறி மாதிரி மாட்டினால் படுக்கைக் குச்சிகள் மட்டும் அந்தப் பைப்பிடம் சிக்கும், வட்டப் போலரைசேஷன் (அலை சுழன்றபடி போவது) கோழிமுட்டை ஆகிவிடும். பெருக்கல் குறி மாதிரி 45 டிகிரி திருப்பி மாட்டுங்கள், இல்லையென்றால் குறுக்குப் பூமை ஃபைபரில் போடுங்கள்.

ஆறாம் படி: 40 மீட்டர் இன்வெர்ட்டட் வீ

நம் ஊரில் நிறையப் பேருக்கு முதல் ஹெச்எஃப் ஆன்டெனா இதுதான். மொத்தம் 20 மீட்டர் ஒயர், நடு உச்சியில், இரண்டு கால் இரண்டு பக்கம் சரிந்து. மாஸ்ட் நடுவில் ஜிஐ பைப்பாக இருக்கலாம், பிரச்சினை இல்லை. இடது கால் பைப்பில் ஓட வைக்கும் கரண்டை வலது கால் எதிர்த்திசையில் ஓட வைத்து அழித்துவிடும். ஆனால் அதற்கு இரண்டு காலும் ஒரே மாதிரி சரிய வேண்டும். இடம் இல்லை என்று ஒரு காலை நேராகக் கீழே தொங்கவிட்டு இன்னொன்றைப் பக்கத்து வீட்டு முருங்கை மரத்துக்கு இழுத்தால் அந்தக் கணக்கு கெட்டது. உச்சியில் ஒரு மரத்துண்டு வைத்து, ஒயர் தொடங்கும் இடம் பைப்பிலிருந்து 30 சென்டிமீட்டராவது தள்ளியிருக்கட்டும். பேலன் கட்டாயம், ஃபெரைட் டோராய்டில் பத்துப் பன்னிரண்டு சுற்று ஆர்ஜி-58 சுற்றினால் கேபிள் உறையில் கரண்ட் ஏறாது. பேலன் இல்லாவிட்டால் கேபிளும், கேபிளோடு சேர்ந்து மாஸ்ட்டும் ஆன்டெனாவில் மூன்றாவது கால் ஆகிவிடும். பத்து மீட்டர் மாஸ்ட் என்றால் 7 மெகாஹெர்ட்ஸில் அது கால் அலை வேறு, சொல்லவா வேண்டும்.

நுனிகள்தான் கவனம். நடுவில் கரண்ட் அதிகம், நுனியில் வோல்டேஜ் அதிகம். நுனியை இரும்பு கிரில்லில் நேராகக் கட்டாமல் இன்சுலேட்டர் போட்டு, அதற்கப்புறம் இரண்டு மீட்டர் நைலான் கயிறு விட்டுக் கட்டுங்கள். குழந்தைகள் கை எட்டாத உயரத்தில்.

மாஸ்ட்டுக்கு ஸ்டே கம்பி கட்டும்போது பலரும் செய்வது, ஸ்டேயும் ஒயரும் ஒரே திசையில் சரிவது. பத்து மீட்டர் இரும்புக் கம்பி, பத்து மீட்டர் ஆன்டெனா காலுக்கு இணையாக, அரை மீட்டர் இடைவெளியில். இதைவிட மோசமாக வைக்க முடியாது. ஒயர் கிழக்கு மேற்காகப் போனால் ஸ்டேக்கள் வடகிழக்கு, வடமேற்கு, தென்கிழக்கு, தென்மேற்கு என்று இருக்கட்டும். முடிந்தால் வெயில் தாங்கும் கயிற்றிலேயே ஸ்டே கட்டுங்கள். இரும்புக் கம்பிதான் என்றால் இரண்டு, இரண்டரை மீட்டருக்கு ஒன்றாக முட்டை இன்சுலேட்டர் போட்டு வெட்டிவிடுங்கள். தெருவில் ஈபி கம்பத்து ஸ்டே கம்பியின் நடுவில் பீங்கான் முட்டை ஒன்று பார்த்திருப்பீர்களே, அதேதான். அங்கே அது ஷாக் அடிக்காமல் இருக்க, இங்கே கம்பி எந்த ஹெச்எஃப் பேண்டிலும் அரை அலை ஆகாமல் இருக்க.

ஏழாம் படி: உச்சியில் நிற்கும் நெட்டுக்குத்து ஆன்டெனா

கிரவுண்ட் பிளேன், ஜே போல் போன்றவை மாஸ்ட்டுக்கு மேலே நிற்க வேண்டியவை, பக்கத்தில் அல்ல. ஜே போலின் அடிப்பகுதியைப் பைப்போடு பிடிக்கலாம், மேலே உள்ள அரை அலை நீளம் முழுக்கக் காற்றில் இருக்க வேண்டும். எண்ட் ஃபெட் ஒயரை (ஒரு நுனியில் கேபிள் இணைப்பது) இரும்பு பைப்போடு சேர்த்து டேப் சுற்றி நிமிர்த்துவது வேண்டவே வேண்டாம், பாதி சக்தி பைப்புக்கு, மீதி ஆன்டெனா ட்யூனருக்கு. ஃபீட் பாயின்டுக்கு (கேபிள் ஆன்டெனாவில் இணையும் இடம்) கீழே கேபிளில் சோக் ஒன்று, பேலன் மாதிரிச் சுற்றிய சுருள், எப்போதும் இருக்கட்டும்.

இரும்பை வேலை வாங்கவும் செய்யலாம். ஃபோல்டட் டைபோலை (மடித்து வளையமாக்கிய டைபோல்) மாஸ்ட்டிலிருந்து கால் அலை, 145க்கு 52 சென்டிமீட்டர், தள்ளிப் பிடித்தால் பைப் ரிஃப்ளெக்டராக மாறி எதிர்ப்பக்கம் கூடுதலாகத் தள்ளும். எனக்குப் பின்னால் யானைமலை மறைக்கிறது, அந்தப் பக்கம் அலை போய் என்ன ஆகப் போகிறது என்று நினைப்பவர்களுக்கு இது இலவச கெயின். ஆனால் தூரத்தை அளந்து வையுங்கள், அரை அலை தள்ளினால் முன்பக்கம் குறைந்து பக்கவாட்டில் பரவும்.

எட்டாம் படி: சோதனை, எஸ்டபிள்யூஆரைக் கொண்டாடுவதற்கு முன்னால்

என் பழைய ஆன்டெனாவுக்கு எஸ்டபிள்யூஆர் 1.3 இருந்ததை மறுபடி நினைவுபடுத்துகிறேன். எஸ்டபிள்யூஆர் சக்தி ஆன்டெனாவுக்குள் போகிறதா என்றுதான் சொல்லும், எந்தப் பக்கம் கிளம்புகிறது என்று சொல்லாது. டம்மி லோடுக்கும் (சக்தியைச் சூடாக்கித் தின்னும் வெறும் ரெசிஸ்டர்) 1.0 காட்டும். ஆகவே இரண்டு சோதனை.

ஒன்று, ஆன்டெனாவை முதலில் ஒரு மூங்கில் கம்பில், மாடி நடுவில், எல்லா இரும்பிலிருந்தும் தள்ளிப் பிடித்து நானோ விஎன்ஏவில் டிப் எங்கே என்று எழுதிக்கொள்ளுங்கள். கேபிளைப் பின்பக்கமாக எடுங்கள், ஆளும் பின்னால் நில்லுங்கள். அப்புறம் அதே கேபிளோடு இரும்பு மாஸ்ட்டில் ஏற்றி மறுபடி பாருங்கள். டிப் அரை மெகாஹெர்ட்ஸுக்கு மேல் நகர்ந்தால் மாஸ்ட் கைவைக்கிறது என்று அர்த்தம். மூங்கிலிலேயே டிப் பேண்டுக்கு மேலே நின்றால் அது மாஸ்ட் குற்றம் இல்லை, பூம் திருத்தம் போதவில்லை, குச்சி குட்டை. கேபிளைக் கையால் பிடித்ததும் டிப் நகர்ந்தால் சோக் போதவில்லை.

இரண்டு, இருபது முப்பது கிலோமீட்டரில் இருக்கும் ஒரு நண்பர், நிலையாகக் கேரியர் (பேச்சு இல்லாத வெறும் சிக்னல்) கொடுக்க வேண்டும். ஆன்டெனாவை 30 டிகிரிக்கு ஒருமுறை திருப்பி மீட்டரை எழுதுங்கள். எஃப்எம் ரேடியோக்களின் எஸ் மீட்டர் சீக்கிரமே முழுக்க ஏறி நின்றுவிடும், அதனால் நண்பரை லோ பவரில் கொடுக்கச் சொல்லுங்கள், முள் நடுவில் ஆடும் அளவுக்கு. முகம் காட்டும்போதும் முதுகு காட்டும்போதும் தெளிவான வித்தியாசம் வர வேண்டும். வரவில்லை என்றால் நான்காம் படிக்குத் திரும்புங்கள். நான் மாஸ்ட்டை ரிஃப்ளெக்டருக்குப் பின்னால் தள்ளி, கேபிளைப் பூமோடு பின்னால் எடுத்த அன்று திருமங்கலத்தில் எஸ் 8 வந்தது, முதுகைக் காட்டினால் அவருக்கு என் குரலில் இரைச்சல் ஏறியது. அதே பைப், அதே குச்சிகள்.

ஒன்பதாம் படி: எர்த், துரு

உலோக மாஸ்ட்டின் அடியிலிருந்து தடித்த செம்புப் பட்டையோ ஜிஐ பட்டையோ, வளைவு குறைவாக, தனி எர்த் குழிக்குப் போகட்டும், அந்த எர்த்தை வீட்டு எர்த்தோடு இணையுங்கள். மேலூர்ப் பக்கம் இரண்டடி தோண்டினால் பாறை வந்துவிடும், அங்கே ஆழமாக ஒரு ராடு அடிப்பதை விட, ஆழமில்லாமல் நாலைந்து இடத்தில் பட்டையைப் புதைத்து இணைப்பது நடக்கிற காரியம். எர்த் செய்வதால் ஆன்டெனா வேலை கெடாது. கோடை மழையின் இடியும் ஐப்பசி மழையின் இடியும் வருமுன் கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போடுங்கள். எர்த் இருந்தாலும்.

துருவைப் பற்றிக் கடைசியாக. துருப்பிடித்த இரும்பு இணைப்பு ஒரு மட்டமான டயோடு மாதிரி நடந்துகொள்ளும், பக்கத்தில் பலமான சிக்னல் இருந்தால் அதைக் கலந்து இல்லாத இடத்தில் எல்லாம் இரைச்சலாகத் துப்பும். அலுமினியமும் செம்பும் நேராகத் தொடும் இடமும் சீக்கிரம் அரிக்கும், நடுவில் ஸ்டெயின்லெஸ் வாஷர் போடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருநாள் சாயங்காலம் ரேடியோவை எஸ்எஸ்பியில் காலி அலைவரிசையில் வைத்துவிட்டு, கீழே ஒருவரைக் கேட்கச் சொல்லி, மாடியில் மாஸ்ட்டையும், ஸ்டே கம்பிகளையும், தொட்டி ஸ்டாண்டையும் ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டுங்கள். எதை ஆட்டும்போது ஸ்பீக்கரில் கரகரவென்று வருகிறதோ அந்த நட்டைக் கழற்றி, வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, புது நட்டு போட்டு இறுக்கிவிட்டு மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.